சாப்பிடாத நாளிலும் இன்சுலின் ஊசி ஏன் வேண்டும்?

கேள்வி: என் மகளுக்கு வயது 17. நான்கு வருடமாக டைப் 1 சர்க்கரை நோய், தினமும் நான்கு ஊசி போடுகிறாள். போன மாதம் காய்ச்சலோடு வாந்தியும் வந்து ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. வெறும் வயிற்றில் ஊசி போட்டால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவாள் என்று பயந்து, இரவு ஊசியையும் மறுநாள் காலை ஊசியையும் நிறுத்திவிட்டோம். மதியத்துக்குள் வயிற்றுவலி, மூச்சு வாங்கல். வாயுப் பிடிப்பு என்று நினைத்தோம். மாலையில் கூப்பிட்டால் பதில் குழறியது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சர்க்கரை 480, கீட்டோன் ஏறிவிட்டது என்றார்கள். மூன்று நாள் ஐசியூவில் இருந்து பிழைத்து வந்தாள். சாப்பிடாத பிள்ளைக்குச் சர்க்கரை எப்படி ஏறியது? இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? அடுத்த வருடம் விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறாள். மாத்திரை மட்டும் எடுக்கும் என் அண்ணனுக்கும் இது வருமா? நானே என் பிள்ளையை அந்த நிலைக்குத் தள்ளிவிட்டேனோ என்று இரவில் தூக்கம் வருவதில்லை.

பதில்: அம்மா, உங்கள் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் அலட்சியமாக இருக்கவில்லை. “ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்காதீர்கள், சர்க்கரை இறங்கிவிடும்” என்று முதல் நாளிலிருந்து டாக்டர்களாகிய நாங்கள் சொல்லிச் சொல்லி உங்கள் மனதில் பதியவைத்ததை நீங்கள் அப்படியே கடைப்பிடித்தீர்கள். அது சரியான அறிவுரைதான், ஆனால் பாதி அறிவுரை. “சாப்பிட முடியாத நாளிலும் இன்சுலினை முழுவதுமாக நிறுத்திவிடாதீர்கள்” என்ற மறுபாதியை அதே அழுத்தத்தோடு நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பாதி பல குடும்பங்களுக்கு ஐசியூ வாசலில்தான் தெரியவருகிறது. எனக்கு வரும் கடிதங்களில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

சரி, சாப்பிடாத பிள்ளைக்கு 480 எப்படி வந்தது?

நாம் சாப்பிடுவதிலிருந்து மட்டும்தான் சர்க்கரை வருகிறது என்று நினைக்கிறோம். நம் கல்லீரல் இரவும் பகலும் சர்க்கரையை உண்டாக்கி ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. நாம் தூங்கும்போதும் விரதம் இருக்கும்போதும் மூளை பசியில்லாமல் வேலை செய்வது அதனால்தான். கல்லீரலை ஒரு சர்க்கரை அணை என்று வைத்துக்கொண்டால், அதன் மதகை எவ்வளவு திறக்கலாம் என்று கட்டுப்படுத்துவது இன்சுலின். காய்ச்சல் வந்தால் அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் மதகை இன்னும் அகலமாகத் திறக்கச் சொல்லித் தள்ளும். அந்த நேரத்தில் உடம்புக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இன்சுலின் தேவைப்படலாம். உங்கள் மகளின் உடம்பில் சொந்த இன்சுலின் கிடையாது, வெளியிலிருந்து போட வேண்டியதும் நின்றுவிட்டது. மதகு முழுக்கத் திறந்துகொண்டது.

சர்க்கரை ஏறியது பாதிக் கதைதான். அதைவிட ஆபத்தான காரியம் கொழுப்பில் நடக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை நிரம்பி வழிந்தாலும் இன்சுலின் இல்லாததால் தசைகளால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. உடம்பு பட்டினி கிடப்பதாக எண்ணிக் கொழுப்பைக் கரைக்கத் தொடங்குகிறது. கரைந்த கொழுப்பைக் கல்லீரல் கீட்டோன்களாக மாற்றுகிறது. கொஞ்சம் கீட்டோன் யாருக்கும் கெடுதல் இல்லை. நீண்ட நேரம் சாப்பிடாமல் இருக்கும் எல்லோருக்கும் அது சிறிதளவு சுரக்கும், அவர்களுடைய சொந்த இன்சுலின் ஓர் அளவோடு அதை நிறுத்திவிடும். டைப் 1 உள்ளவருக்கு அதை நிறுத்த ஆள் இல்லை. கீட்டோன்கள் அமிலத்தன்மை உடையவை, சேரச் சேர ரத்தமே அமிலமாகிறது. இதைத்தான் கீட்டோ அசிடோசிஸ் என்கிறோம். மருத்துவமனையில் சுருக்கமாக ‘டிகேஏ’ என்பார்கள். இன்னொரு பக்கம், அதிகப்படியான சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் சோடியம், பொட்டாசியம் உப்புகளையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. வாந்தியும் சேர்ந்தால் உடம்பு வறண்டுபோகிறது. வறண்ட உடம்பில் சிறுநீரகத்தால் சர்க்கரையையும் கீட்டோனையும் சரிவர வெளியேற்ற முடியாது. அதற்கப்புறம் நிலைமை மோசமாவதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை.

ஆக, சாப்பிடாமல் இருந்தது அவளைக் காப்பாற்றவில்லை. சாப்பாட்டை நிறுத்தினால் கீட்டோன் நிற்காது. இன்சுலின் வந்தால்தான் நிற்கும். இது நூறு வருடங்களுக்கு முன்பே ஒரு சிறுவனின் உடம்பில் கண்ணெதிரே நிரூபணமான விஷயம். இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன், இந்தக் குழந்தைகளை ஏறக்குறையப் பட்டினி போட்டுத்தான் உயிரைக் கொஞ்ச காலம் நீட்டித்தார்கள். 1922 ஜனவரி 11 அன்று டொரான்டோவில் 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டபோது அவன் எடை சுமார் 30 கிலோதான். அவ்வளவு பட்டினிக்குப் பிறகும் அவன் சிறுநீரில் கீட்டோன் போய்க்கொண்டிருந்தது. முதல் ஊசியில் பெரிய பலன் இல்லை. மருந்தை இன்னும் சுத்திகரித்து ஜனவரி 23-ல் மறுபடி போட்டார்கள். சர்க்கரை இறங்கியது, கீட்டோனும் மறைந்தது. அதற்குப் பிறகு அவன் 13 வருடம் வாழ்ந்தான். இன்சுலின் ஏறியதும் கீட்டோன் மறைந்தது; உங்கள் மகளுக்கு ஐசியூவில் நடந்ததும் அதேதான்.

அடுத்து, எப்படி அடையாளம் காண்பது? முதலில் வருபவை சாதாரணமாகத் தெரியும்: தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், நாக்கு வறட்சி, காரணம் தெரியாத அசதி. பிறகு குமட்டல், வாந்தி, வயிற்றுவலி. இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடம் மாறுகிறார்கள், டாக்டர்கள் உட்பட. நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஓர் இளைஞன் தாங்க முடியாத வயிற்றுவலியோடு வந்தான். குடல்வால் அழற்சியாக இருக்கும் என்று அறுவை சிகிச்சை நிபுணரை வரவழைத்தோம். அவனைப் புரட்டிப் பார்த்த ஒரு மூத்த செவிலியர்தான், “இவன் மூச்சைக் கவனிச்சீங்களா டாக்டர்?” என்று கேட்டார். சர்க்கரை பார்த்தோம், கீட்டோன் பார்த்தோம். அவனுக்குச் சர்க்கரை நோய் இருப்பதே அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. டிரிப்பும் இன்சுலினும் ஏற ஏற அந்த வயிற்றுவலி தானாகவே போனது. அன்றிலிருந்து வாந்தியும் வயிற்றுவலியுமாக வரும் யாருக்கும் சர்க்கரை பார்க்காமல் நான் அடுத்த அடி எடுத்து வைப்பதில்லை.

அந்த மூச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் இருப்பவர்கள் கண்ணால் பார்த்தே பிடிக்கக்கூடிய அடையாளம் அது. ரத்தத்தில் அமிலம் ஏறும்போது, கரியமில வாயுவை வெளியே தள்ளி அதை ஈடுகட்ட உடம்பு முயல்கிறது. அதனால் மூச்சு வேகமாக மட்டும் அல்ல, ஆழமாகவும் இருக்கும். ஓடிவிட்டு வந்தவர் மாதிரி நெஞ்சு ஏறி இறங்கும், ஆனால் ஆள் படுக்கையில் படுத்திருப்பார். இருமல் இருக்காது, வீசிங் சத்தம் இருக்காது, மூக்கடைப்பும் இருக்காது. அடால்ஃப் குஸ்மால் என்ற ஜெர்மன் மருத்துவர் 1874-ல் இதை விவரித்தபோது ‘காற்றுக்கான பசி’ என்று சொன்னார். அவ்வளவு பொருத்தமான வார்த்தை. இந்த மூச்சைப் பார்த்துவிட்டால் வீட்டு வைத்தியத்துக்கு அங்கே இடமில்லை. வாயில் நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் போலவோ, அழுகத் தொடங்கிய பழம் போலவோ வாடை வரலாம். அது அசிட்டோன் என்ற கீட்டோனின் வாடை. எல்லோருடைய மூக்கும் அதைப் பிடிப்பதில்லை. “வாடை வரவில்லையே” என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். பேச்சு குழறுவதும் தூக்கக் கலக்கமும் கடைசிக் கட்டம்.

இத்தனை தூரம் காத்திருக்கத் தேவையே இல்லை என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்லக்கூடிய நல்ல செய்தி. கீட்டோனை வீட்டிலேயே அளக்கலாம். குளுக்கோமீட்டர் போலவே விரல்நுனி ரத்தத்தில் பார்க்கும் கீட்டோன் மீட்டர் இருக்கிறது. அதில் 0.6-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 0.6 முதல் 1.5 வரை என்றால் விழித்துக்கொள்ள வேண்டிய நேரம்: தண்ணீர், டாக்டர் சொல்லிவைத்த கூடுதல் இன்சுலின், இரண்டு மணி நேரத்தில் மறுபரிசோதனை. 1.5-ஐத் தாண்டினால் உடனே டாக்டரிடம் பேச வேண்டும். 3 வந்துவிட்டால் போன் செய்து காத்திருக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மீட்டர் கிடைக்காதவர்கள் சிறுநீர் கீட்டோன் ஸ்ட்ரிப் வைத்துக்கொள்ளலாம். ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் அதன் குறையும் தெரிந்திருக்க வேண்டும். ரத்தத்தில் அதிகமாகச் சேரும் பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் என்ற கீட்டோனை அந்த ஸ்ட்ரிப் காட்டாது, இன்னொரு வகையை மட்டும்தான் காட்டும். தவிர, சில மணி நேரத்துக்கு முன் சேர்ந்த சிறுநீரைத்தான் நாம் சோதிக்கிறோம். ஆரம்பத்தில் குறைத்துக் காட்டலாம், குணமாகி வரும்போது கூட்டிக் காட்டலாம். இரண்டு பிளஸ் அல்லது அதற்கு மேல் வந்தால் அவசரம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள், ஈரக்காற்றில் கெட்டுப்போன ஸ்ட்ரிப் பொய் சொல்லும்.

எப்போது பார்ப்பது? சர்க்கரை 250-க்கு மேல் போய் இறங்காமல் நிற்கும்போது. அதைவிட முக்கியமாக, வாந்தி வந்தால், சர்க்கரை என்ன காட்டினாலும் கீட்டோன் பாருங்கள். டைப் 1 உள்ளவருக்கு வரும் வாந்தியைக் கீட்டோன் இல்லை என்று தெரியும்வரை கீட்டோனாகவே நினைக்கச் சொல்வேன்.

உடம்பு சரியில்லாத நாளில் என்ன செய்வது என்பதுதான் உங்களுக்கு மிகவும் தேவைப்படுவது. உங்கள் மகளுக்கு இரண்டு வகை இன்சுலின் இருக்கும். ஒன்று நாள் முழுவதும் மெதுவாக வேலை செய்வது, மற்றது சாப்பாட்டோடு போடும் வேகமான வகை. முதல் வகைதான் அந்த மதகைக் காவல் காப்பது. அதை எந்த நாளும் விடக்கூடாது. அளவைக் கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ டாக்டர் சொல்லலாம், ஆனால் அறவே நிறுத்துவது என்ற பேச்சே இல்லை. சாப்பிடவில்லை என்றால் சாப்பாட்டுக்கான பங்கை விடலாம். ஆனால் ஏறிக்கிடக்கும் சர்க்கரையையும் கீட்டோனையும் இறக்குவதற்கான வேகமான இன்சுலின் அப்போதும் தேவைப்படும். சர்க்கரையை இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், நடுராத்திரியிலும்தான். ஒருவர் விழித்திருக்க வேண்டிய ராத்திரி அது.

குடிப்பதற்கு என்ன கொடுப்பது என்று எல்லோரும் கேட்பார்கள். சர்க்கரை அதிகமாக இருந்தால் இனிப்பில்லாத பானமும் தண்ணீரும். சர்க்கரை இறங்கி வந்துகொண்டிருக்கும்போது, அதாவது நீங்கள் பயந்த அந்த நிலையில், இனிப்புள்ள பானத்தைக் கொடுத்துக்கொண்டே இன்சுலினையும் தொடர வேண்டும். சர்க்கரையை இன்சுலினோடு சேர்த்துக் கொடுப்பது கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் கீட்டோனை நிறுத்த இன்சுலின் வேண்டும், அந்த இன்சுலினால் சர்க்கரை இறங்கிவிடாமல் இருக்க இனிப்பு வேண்டும். ஐசியூவிலும் சர்க்கரை குறைந்த பிறகு குளுக்கோஸ் டிரிப்பையும் இன்சுலினையும் ஒன்றாகத்தான் ஏற்றியிருப்பார்கள். வாந்தி வந்தால் ஒரேயடியாகக் குடிக்க வைக்காதீர்கள், சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு வாய், இரண்டு வாய் போதும். அதுவும் தங்கவில்லை, தொடர்ந்து வெளியே வருகிறது என்றால் வீட்டில் சமாளிக்கும் எல்லை அங்கே முடிந்தது. கீட்டோன் எண் எவ்வளவாக இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். மூச்சு மாறினாலும், மயக்கக் கலக்கம் வந்தாலும் அப்படித்தான். இன்னொன்று, சர்க்கரையை எரித்துவிடலாம் என்று நினைத்து, கீட்டோன் இருக்கும்போது நடக்கவோ உடற்பயிற்சி செய்யவோ வைக்காதீர்கள். இன்சுலின் போதாத உடம்பில் அது கீட்டோனைக் கூட்டும்.

“வீட்டிலேயே கூடுதலாக ஊசி போட்டுப் பார்த்திருக்கலாமோ?” என்று சிலர் கேட்பதுண்டு. ஆரம்பக் கட்டத்தில் அது பலன் தரும். முற்றிய பிறகு தராது. முற்றிய நிலையில் ஊசி மட்டும் போட்டால், ஏற்கெனவே உடம்பு இழந்திருக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் மேலும் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். அதனால்தான் அங்கே திரவம், பொட்டாசியம், இன்சுலின் மூன்றையும் மணிக்கு மணி ரத்தம் எடுத்துப் பார்த்து ஏற்றுகிறார்கள். குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் சிகிச்சையின்போது மூளை வீங்கும் அபாயமும் உண்டு, அரிதுதான் என்றாலும் கண்காணிப்பு வேண்டும். முறையான சிகிச்சை நேரத்தோடு கிடைத்தால் இளம் வயதினரில் பெரும்பாலானோர் முழுமையாகக் குணமாகிவிடுகிறார்கள். உங்கள் மகளும் அப்படித்தான் வந்தாள்.

உங்கள் அண்ணனைப் பற்றி. டைப் 2 உள்ளவர்களுக்குச் சொந்த இன்சுலின் ஓரளவு இருக்கும், கீட்டோன் மதகு அவ்வளவு எளிதில் திறக்காது. ஆனால் வரவே வராது என்று சொல்ல முடியாது. அவர் எடுக்கும் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் என்று ‘கிளிஃப்ளோசின்’ என முடிகிற மருந்தாக இருந்தால் கவனம் தேவை. இவை இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்கிற நல்ல மருந்துகள், பயந்து தானாக நிறுத்திவிட வேண்டாம். இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதால், கீட்டோன் ஏறினாலும் மீட்டரில் சர்க்கரை 180, 200 என்று சாதுவாகவே தெரியலாம். 2015-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரித்தது. எனவே வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல் என்றால் அந்த மாத்திரையை அன்று நிறுத்திவைத்து டாக்டரிடம் கேட்க வேண்டும். அறுவை சிகிச்சை ஏதாவது திட்டமிட்டிருந்தால், பெரும்பாலும் மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையும் எடுக்கிறார் என்றால், உடம்பு வறண்ட நாட்களில் அதையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். தவிர, டைப் 2 உள்ள வயதானவர்களுக்குக் கீட்டோன் அதிகம் இல்லாமலே சர்க்கரை 600-க்கு மேல் போய், சில நாட்களில் உடம்பு வறண்டு நினைவு தப்பும் வேறொரு நிலை உண்டு. அதுவும் உயிருக்கு ஆபத்தானது. தாகம்கூடச் சொல்லத் தெரியாத முதியவர் திடீரென்று தூங்கியே கிடந்தால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் சர்க்கரை பாருங்கள்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: சர்க்கரை நோய் இல்லாத குழந்தை திடீரென்று தண்ணீர் தண்ணீர் என்று கேட்டால், படுக்கையை நனைப்பதை நிறுத்திய பிள்ளை மறுபடி நனைத்தால், சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போனால், அன்றைக்கே ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்த்துவிடுங்கள். நிறையக் குழந்தைகளுக்கு டைப் 1 இருப்பதே கீட்டோ அசிடோசிஸ் வந்த பிறகுதான் தெரிகிறது.

இனி விடுதி. வெயிலில் விட்ட இன்சுலின் வேலை செய்யாது, உறைந்து போனதும் அப்படித்தான். திறக்காததைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், உறைநிலைப் பெட்டிக்குள் அல்ல. பயன்பாட்டில் இருப்பதைப் பெரும்பாலும் 28 நாளில் மாற்றிவிட வேண்டும், பெட்டியோடு வரும் தாளில் சரியான நாள் இருக்கும். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தடித்துப்போன தோலில் மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாது, இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். பின்னாளில், வேகமான இன்சுலினைச் சிறு குழாய் வழியாக விடாமல் செலுத்தும் இன்சுலின் பம்புக்கு மாறினால், குழாய் அடைத்துக்கொண்ட சில மணி நேரத்திலேயே கீட்டோன் ஏறும் என்பதையும் அவள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதில் நீண்ட நேர இன்சுலின் கிடையாது.

அறைத் தோழி ஒருத்திக்காவது அவளே தன் வாயால் சொல்லிவைக்கட்டும்: நான் வாந்தி எடுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, எழுப்பி எழவில்லை என்றாலோ, இவள் சர்க்கரை நோயாளி என்று சொல்லி மருத்துவமனைக்குக் கொண்டுபோ என்று.

கொஞ்சம் மென்மையான விஷயம் ஒன்று. இந்த வயதில் பிள்ளைகள் ஊசியை வேண்டுமென்றே விடுவதும் நடக்கும். சலிப்பு, மற்றவர்கள் எதிரில் போடக் கூச்சம், ஊசியை விட்டால் எடை குறைகிறது என்ற கண்டுபிடிப்பு, இப்படிக் காரணங்கள் பல. மறுபடி மறுபடி கீட்டோனோடு வரும் இளம் பெண்கள் சிலரிடம் தனியாக உட்கார்ந்து பேசியபோதுதான் எனக்கு இது புரிந்தது. “ஊசி போட்டியா?” என்று கேட்டால் “போட்டேன்” என்றுதான் பதில் வரும். “இந்த வாரம் எத்தனை தடவை விட்டுப்போச்சு?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். அவள் சொல்லும் எண்ணைக் கேட்டுத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த வாரம் உண்மை வராது.

அடுத்த முறை உங்கள் டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஒரு தாள் கொண்டுபோங்கள். என் மகளின் எடைக்கு, அவள் போடும் மொத்த இன்சுலினுக்கு, காய்ச்சல் நாளில் கீட்டோன் 1 இருந்தால் எத்தனை யூனிட் கூட்ட வேண்டும், 2 இருந்தால் எத்தனை, இரவு நேரத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டு, அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். பொதுவான அளவை நான் இங்கே எழுத மாட்டேன், அது ஆளுக்கு ஆள் மாறும். அந்தத் தாளில் ஒரு படியை உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள், இன்னொன்று அவள் பெட்டியில் இருக்கட்டும், மூன்றாவதை இருவரும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கீட்டோன் ஸ்ட்ரிப்பை அவள் விடுதிக்குக் கிளம்பும் நாளுக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.